வேலூர்ல மூணு பேர் சேந்து வாங்குன பார் மீட்டர், எட்டு மாசம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம் எழுதறேன்

மொதல்லயே சொல்லிடறேன், வீட்டு உப்புத்தண்ணி தொட்டில கோரல், அதான் பவளம், வெச்சிருக்கற யாரா இருந்தாலும் ஒரு பார் மீட்டர் வேணும், அதாவது கோரலுக்கு எவ்ளோ வெளிச்சம் விழுதுன்னு அளக்கற கருவி, சொந்தமா இல்லன்னாலும் வெச்சிருக்கறவங்க ஒருத்தர தெரிஞ்சு வெச்சுக்கோங்க. நாங்க வாங்குனது அப்போஜீ எம்க்யூ-510. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல லோகன்னு ஒரு ஊரு, அங்க செய்யறாங்க. அங்கயே 500 டாலருக்கு மேல, தெரிஞ்சவங்க மூலமா வரவெச்சு எல்லாம் சேத்து எங்க கைக்கு வந்தப்போ அரை லட்சத்த தாண்டிடுச்சு. தனியா வாங்க எனக்கு மனசு வரல, அதனால சத்துவாச்சாரில நானு, காட்பாடில ஒரு தம்பி, ராணிப்பேட்டைல ஒரு அண்ணன், மூணு பேரா காசு போட்டு வாங்குனோம். வாங்கறதுக்கு முன்னாடி தம்பி என்ன கேட்டான், "இன்னாக்கா, இவ்ளோ காசு போட்டு நம்பர் பாக்கணுமா, தொட்டிய பாத்தாலே தெரியாதா"ன்னு. தெரியாதுப்பா, அதான் விஷயமே, அத சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் ஒரு ப்ளட் டெஸ்ட் லேப்ல டெக்னீசியன். காலைல மெஷின ஆன் பண்ணா மொதல்ல கண்ட்ரோல், அதாவது ரிசல்ட் முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள், ஓட்டணும், கண்ட்ரோல் சரியா வரலன்னா ஒரு பேஷண்ட் ரிப்போர்ட் கூட வெளிய போகாது, பதினாறு வருஷமா இதான் என் பழக்கம். ஆனா வீட்டுக்கு வந்தா மூணு அடி தொட்டிக்கு மேல தொங்கற லைட்ட மட்டும் கண்ணால பாத்து கூட்டி கொறச்சிக்கினு இருந்தேன். மூணடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, நூத்தி எம்பது லிட்டர் சில்லறை, மேல ரெண்டு சேனல் வெச்ச எல்இடி, கறுப்பு டப்பா மாதிரி வருமே அது, ப்ளூ தனி வொயிட் தனி. ப்ளூ 80 சதவீதம் வொயிட் 60 சதவீதம் வெச்சிருந்தேன். போன வருஷம் ஒரு டார்ச் கோரல் வாங்குனேன், மூணு தலை, பச்சை தண்டு நுனில மட்டும் மஞ்சள், ரெண்டு மாசமா காசு சேத்து வாங்குனது. நல்லா தெரியணும்னு பாறை உச்சில வெச்சேன். மூணாவது நாள் பாதி தான் விரிஞ்சது. வெளிச்சம் பத்தலயோன்னு நெனச்சு ப்ளூவ 90 ஆக்குனேன். பத்து நாள்ல நிறம் வெளுத்து கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, மூணு வாரத்துல வெறும் எலும்புக்கூடு தான் மிச்சம். அது வெளிச்சம் ஜாஸ்தியாகி சுருங்குது, நான் இன்னும் ஊத்தறேன். எத வெச்சு முடிவு பண்ணேன்னா என் கண்ண வெச்சு. அத இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

கண்ணு ஏன் ஏமாத்துதுன்னு அப்புறமா உக்காந்து படிச்சேன். மனுஷ கண்ணுக்கு பச்சை வெளிச்சம் தான் பளிச்சுனு தெரியும், 555 நானோமீட்டர்ல உச்சம். ரீஃப் லைட்ல, அதாவது கோரல் தொட்டி லைட்ல, பெரும்பாலும் 450 பக்கத்துல இருக்கற ப்ளூ. அந்த 450ல நம்ம கண்ணோட உணர்ச்சி எவ்ளோன்னா, 555ல 100ன்னு வெச்சா இங்க 4 கூட வராது. அதாவது அதே சக்தில ப்ளூ எரிஞ்சாலும் நமக்கு மங்கலா ஏதோ நைட் லேம்ப் மாதிரி தெரியும். ஆனா கோரல் உள்ள குடியிருக்கற பாசி இருக்கே, ஸூசாந்தெல்லேன்னு சொல்வாங்க, அதுகிட்ட குளோரோஃபில் ஏ, குளோரோஃபில் சி, பெரிடினின்னு ஒரு நிறமி இதெல்லாம் இருக்கு, அதுங்களுக்கு அந்த ப்ளூ தான் சாப்பாடே. அதனால நமக்கு மங்கலா தெரியற தொட்டி அதுக்கு உச்சி வெயிலா இருக்கலாம். போன்ல லக்ஸ் ஆப் போட்டு அளக்கறவங்களுக்கும் இதே பிரச்சனை தான், ஏன்னா லக்ஸ்ங்கற கணக்கே மனுஷ கண்ண வெச்சு போட்டது. ஒரே லைட்ட ஒரே கலர் செட்டிங்ல வெச்சு நேத்துக்கும் இன்னிக்கும் ஒப்பிட லக்ஸ் ஒதவும். வொயிட்ட கொறச்சு ப்ளூவ ஏத்துனா அந்த ஒப்பீடு கூட செல்லாது.

பார்னு நாம சொல்றது இன்னான்னா, 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் இருக்கற வெளிச்சத்துல, ஒரு சதுர மீட்டர் எடத்துல ஒரு செகண்டுக்கு எத்தன மைக்ரோமோல் போட்டான் விழுதுங்கற கணக்கு. இதுல பச்சையா ப்ளூவான்னு பாகுபாடு கெடயாது, விழுந்த போட்டான எண்ணும் அவ்ளோ தான். எம்க்யூ-510ல இருக்கற சென்சார் கிட்டத்தட்ட 389ல இருந்து 692 வரைக்கும் பிடிக்கும், 4000 வரைக்கும் அளக்கும், கூட கொறய 5 சதவீதம் இருக்கும்னு கம்பெனியே சொல்லுது. நான் இதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு மலிவு மீட்டர் வாங்கி பாத்தேன், பேரு வேணாம், பார்னு பெருசா எழுதி இருந்துச்சு. வொயிட் லைட்ல பரவால்ல ரகம், வெறும் ப்ளூ மட்டும் போட்டா பாதி கூட காட்டல. புதுசு வந்த அன்னிக்கு ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சு பாத்தப்போ புதுசு 210ன்னு சொன்ன எடத்துல அது 95ன்னுச்சு. அத நம்பி இருந்தா நான் இன்னொரு டார்ச்ச கொன்னிருப்பேன்.

இந்த மாடல்ல ஒரு விஷயத்த கண்டிப்பா புரிஞ்சுக்கணும். சென்சார தண்ணிக்குள்ள முக்குனா உள்ள போற வெளிச்சத்துல கொஞ்சம் திரும்ப வெளிய சிதறிடும், காத்துல இருக்கறத விட கம்மியா காட்டும். அதுக்கு 1.32ஆல பெருக்கணும். 510ல அந்த பெருக்கல மீட்டருக்குள்ளயே போட்டு குடுத்துட்டாங்க, நாம ஒண்ணும் கணக்கு போட வேணாம், தண்ணிக்குள்ள வெச்சு நேரா படிக்கலாம். ஆனா இதயே வெளிய காத்துல வெச்சு தோட்டத்துல செடிக்கு அளந்தா மூணுல ஒரு பங்கு ஜாஸ்தியா காட்டும். ராணிப்பேட்டை அண்ணன் மொத நாள் மொட்டை மாடில கைல புடிச்சு பாத்துட்டு 2500க்கு மேல காட்டுதும்மா, மீட்டர் கெட்டுப் போச்சும்மான்னு போன் பண்ணாரு. கெடலண்ணா, பக்கெட்ல தண்ணி புடிச்சு அதுக்குள்ள ஒரு இஞ்ச் ஆழத்துல வெச்சு பாருங்கன்னு சொன்னேன். நானும் என் வீட்டு மாடில அதே மாதிரி பண்ணேன், மேகமே இல்லாத ஏப்ரல் மாசம், உச்சி நேரம், 1850 வந்துச்சு. தெளிவான வானத்துல நடுப்பகல் வெயில் சுமார் 2000, தண்ணி மேல்பரப்புல கொஞ்சம் தெறிச்சு போகும், அப்ப இந்த நம்பர் சரி. இதான் எனக்கு கண்ட்ரோல். மூணு மாசத்துக்கு ஒரு தடவ வெயில் நல்லா இருக்கற நாள்ல இத திரும்ப ஓட்டறேன்.

மொத ராத்திரி அளந்தது பத்தி சொல்லணும். வெளிச்சம் கலக்க கூடாதுன்னு ஹால் லைட்ட அணைச்சுட்டு, ஜன்னல் கர்ட்டன இஸ்து மூடிட்டு, பையன் நோட்டுல எழுத நான் கம்பிய உள்ள வுட்டேன். கம்பின்னா கம்பி இல்ல, சென்சார் புடிக்கற குச்சி தனியா விக்கறாங்க, நாங்க வாங்கல, ப்ளம்பிங் கடைல அரை இஞ்ச் பிவிசி பைப் ஒரு முழம், கீழ ஒரு எல்போ, ப்ளாஸ்டிக் டை போட்டு சென்சார கட்டிட்டோம், செலவு அம்பது ரூபா கூட இல்ல. இரும்பு ஸ்க்ரூ மட்டும் போடாதீங்க, உப்புத்தண்ணில ஒரு வாரத்துல துரு. எங்க மாமியார் வந்து பாத்துட்டு "இன்னாம்மா, மீனுக்கு ஜுரம் பாக்கறியா"ன்னு கேட்டாங்க, ஆமாத்தே, கிட்டத்தட்ட அப்படித்தான்னு சொன்னேன்.

மணல் மேல நீளவாக்குல நாலு, அகலவாக்குல மூணு, மொத்தம் பன்னெண்டு எடம். அப்புறம் பாதி ஆழத்துல ஆறு எடம். அப்புறம் ஒவ்வொரு கோரல் பக்கத்துலயும் அதோட ஒசரத்துக்கே வெச்சு ஒண்ணு. ப்ளூ 80 வொயிட் 60ல மணல் நடுவுல 165, அதே மணல்ல மூலைல 55. மூணே அடி தொட்டில நடுவுக்கும் மூலைக்கும் மூணு மடங்கு வித்தியாசம், இது எனக்கு தெரியவே தெரியாது. டார்ச் செத்துப்போன பாறை உச்சில வெச்சேன். 460. ப்ளூ 90ல இன்னும் மேல இருந்திருக்கும். பையன் எழுதிட்டு "டார்ச்சுக்கு எவ்ளோம்மா வேணும்"ன்னு கேட்டான், 80ல இருந்து 150 போதும்டான்னு சொல்லும்போதே எனக்கு தொண்டைய அடைச்சிடுச்சு.

அளக்கும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. சென்சார் நேரா மேல பாக்கணும், சாஞ்சா நம்பர் மாறும், அதுவும் லைட்டுக்கு பக்கவாட்டுல இருக்கற எடத்துல ரொம்ப மாறும். உங்க தலை, கை, பைப் நிழல் மேல விழக்கூடாது. சென்சார் தலைல வெள்ளை பட்டன் மாதிரி இருக்கற அந்த டிஃப்யூசர்ல ஒரு காத்துக்குமிழ் ஒட்டிக்கினு இருந்தா கூட தப்பு காட்டும், வெரலால ஒரு தடவ தடவி வுடுங்க. அலை அடிச்சிக்கினு இருந்தா வெளிச்சம் லென்ஸ் மாதிரி குவிஞ்சு விரிஞ்சு நம்பர் 140க்கும் 230க்கும் குதிக்கும், அதுல எத எழுதறதுன்னு தெரியாது. நான் வேவ்மேக்கர, அதாவது அலை உண்டாக்கற பம்ப, நிறுத்திட்டு ஒண்ணு, ஓட வுட்டு பத்து செகண்ட் பாத்து நடுவுல நிக்கற நம்பர் ஒண்ணு, ரெண்டும் எழுதறேன். பெருசா வித்தியாசம் வராது, சராசரி ஒண்ணு தான். லைட்ட ஆன் பண்ண ஒடனே அளக்காதீங்க, அரை மணி நேரம் எரியட்டும், எல்இடி சூடானா கொஞ்சம் எறங்கும். முடிஞ்சதும் சென்சார நல்ல தண்ணில அலசி தொடச்சு வைங்க, காஞ்ச உப்பு அந்த பட்டன் மேல படிஞ்சா அடுத்த தடவ எல்லாமே கம்மியா காட்டும்.

அளந்தாச்சு, அப்புறம் செட் பண்றது. ஹாபில ஒவ்வொரு கோரல் வகைக்கும் பொதுவா சொல்ற பார் அளவு இது தான்: மஷ்ரூம் 30ல இருந்து 80, ஸோவா, லெதர் மாதிரி சாஃப்ட் கோரல் 50ல இருந்து 150, டார்ச், ஹேமர் மாதிரி எல்பிஎஸ் (பெரிய பாலிப் இருக்கற கல் கோரல்) 80ல இருந்து 150, மாண்டிபோரா 150ல இருந்து 250, அக்ரோபோரா 200ல இருந்து 350. இது கல்லுல எழுதுன சட்டம் கெடயாது, ஒரே வகை கோரல் கூட எந்த ஆழத்துல வளந்து வந்துச்சோ அத பொறுத்து மாறும், ஆனா ஆரம்பிக்க ஒரு எடம் வேணும்ல. நான் உச்சிய 230ல நிறுத்தணும்னு முடிவு பண்ணேன், மத்தது தானா எறங்கும். அதுக்கு ப்ளூ 55 வொயிட் 20 வந்துச்சு. அப்ப மணல் நடுவுல 90, மூலைல 35, பாறை நடு மட்டத்துல 130. ஒரே நாள்ல எறக்கல, வாரத்துக்கு கொஞ்சமா நாலு வாரம் எறக்குனேன். கொறைக்கும்போது பெரிய ஆபத்து இல்ல, ஏத்தும்போது தான் ரொம்ப பொறுமை வேணும். கோரல் தன்னோட பாசியையும் நிறமியையும் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்க வாரக்கணக்குல டைம் எடுக்கும். திடீர்னு ஏத்துனா பாசிக்குள்ள ஒளிச்சேர்க்கை மெஷின் தாங்காம ஆக்ஸிஜன் நச்சு உண்டாகும், கோரல் அந்த பாசிய வெளிய தள்ளிடும், அதான் வெளுக்கறது. கம்மியா இருந்தா அதுக்கு நேர்மாறா பாசிய கூட்டிக்கினு ப்ரவுனா ஆகும், தண்டு நீண்டு மேல எட்டும், ஆனா சாக ரொம்ப நாள் ஆகும், அதுக்குள்ள சரி பண்ணிடலாம். அதனால சந்தேகம் வந்தா கம்மி பக்கமே நில்லுங்க.

வொயிட்ட 60ல இருந்து 20க்கு எறக்குனதும் தொட்டி இருட்டா இருக்கற மாதிரி இருந்துச்சு, மொத வாரம் வீட்ல எல்லாரும் முகத்த சுளிச்சாங்க. மூணு மாசத்துல ஸோவா ரெண்டு மடங்கு ஆச்சு. மூலைல 35ல வெச்ச மஷ்ரூம் தட்டு மாதிரி விரிஞ்சு கெடக்கு. பழைய வெளிச்சத்துல பாறை மேல ஓயாம வந்துகினு இருந்த பச்சை பாசியும் கொறஞ்சுது.

இந்த மீட்டர்ல எனக்கு ரொம்ப புடிச்சது லாக் மோடு. இத யாரும் பெருசா பேசறதில்ல. அந்த மோடுல போட்டு சென்சார தொட்டிக்குள்ளயே வுட்டா முப்பது செகண்டுக்கு ஒரு தடவ அளந்து, அரை மணிக்கு ஒரு சராசரி எழுதி வெச்சுக்கும், இருபத்தி நாலு மணி நேரத்துக்கு மொத்தம் எவ்ளோ வெளிச்சம் விழுந்துச்சுன்னும் கணக்கு சொல்லும். 99 சராசரி வரைக்கும் நிக்கும், அதாவது ரெண்டு நாள். கோரலுக்கு ஒரு நிமிஷத்து நம்பர விட ஒரு நாளோட மொத்தம் தான் முக்கியம், 130ல ஒன்பது மணி நேரம் எரிஞ்சா 130 பெருக்கல் 32,400 செகண்ட், 42 லட்சம் மைக்ரோமோல், சுருக்கமா 4.2 மோல். என் லைட் காலைல 11ல இருந்து ராத்திரி 8 வரைக்கும், அப்ப எனக்கு 4.2 வரணும். ஒரு ஞாயித்துக்கிழம 11 மணிக்கு பாறை நடு மட்டத்துல வெச்சேன். மறுநாள் பாத்தா 6.1.

மொதல்ல மீட்டர் மேல சந்தேகப்பட்டேன். அரை மணி சராசரி ஒவ்வொண்ணா தள்ளி தள்ளி பாத்தா, மதியம் 3 மணில இருந்து பூஜ்யம், அப்புறம் நடுராத்திரி 2 மணில இருந்து காலைல 11 வரைக்கும் 130 130 130ன்னு நிக்குது. அப்ப தான் பொறி தட்டுச்சு. ஞாயித்துக்கிழம 3 மணிக்கு பத்து நிமிஷம் கரண்ட் போச்சு. பம்ப் இன்வெர்ட்டர்ல இருக்கு, லைட் நேர் லைன்ல இருக்கு. லைட்டோட டைமர்ல பேட்டரி கெடயாது, கரண்ட் வந்ததும் கடிகாரம் ராத்திரி 12 மணிக்கு போயி மறுபடி ஓட ஆரம்பிச்சுடுச்சு, அதோட கணக்குல காலைல 11 மணி ஆனப்போ நமக்கு ராத்திரி 2. நாலு மணி நேரம் சாயந்திரத்துக்கு முன்னாடி, ஒன்பது மணி நேரம் நடுராத்திரிக்கு மேல, மொத்தம் பதிமூணு. தொட்டி முன் ரூம்ல இருக்கு, நான் காலைல ஆறுக்கெல்லாம் சமையக்கட்டு வழியா ட்யூட்டிக்கு கெளம்பிடுவேன், வீட்ல மத்தவங்க பாத்தாலும் நான் போட்டேன்னு நெனச்சிருப்பாங்க. கோடைல எத்தன தடவ கரண்ட் போயி வந்திருக்கு, எத்தன ராத்திரி இப்படி எரிஞ்சிருக்கும். மூணு வருஷமா காரணம் தெரியாம சில நாள் மட்டும் கோரல் எல்லாம் சுருங்கி கெடக்கும், உப்பு பாப்பேன், ஆல்கலினிட்டி பாப்பேன், எல்லாம் சரியா இருக்கும். அன்னிக்கே எலக்ட்ரீசியன கூப்ட்டு லைட் ப்ளக்க இன்வெர்ட்டர் லைன்ல மாத்துனேன். இந்த ஒரு விஷயத்துக்கே நான் போட்ட காசு சரியா போச்சு.

நம்ம ஊருக்குன்னு சில விஷயம் இருக்கு. மே மாசம் வேலூர் வெயில் 40க்கு மேல போறது ஒண்ணும் புதுசில்ல, ஃபேன் வெச்சும் என் தொட்டி 29, 30 தொட்டுடும். சூடும் வெளிச்சமும் கோரல்ல ஒரே எடத்துல தான் அடிக்கும், 26 டிகிரில தாங்கற வெளிச்சத்த 30ல தாங்காது. மன்னார் வளைகுடால 2010லயும் 2016லயும் கோரல் வெளுத்தது கூட கடல் சூடானதுனால தான். அதனால ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் பாதி வரைக்கும் நான் 20 சதவீதம் கொறச்சிடறேன், உச்சில 185. வெளிச்சம் கொறஞ்சா லைட் சூடும் கொஞ்சம் கொறயும். இன்னொண்ணு கிழக்கு ஜன்னல். காலைல ஏழரை எட்டுக்கு வெயில் சாஞ்சு வந்து தொட்டியோட வலது மூலைல அடிக்கும், லைட் அணைஞ்சிருக்கும்போதே அங்க 70 காட்டுச்சு. நான் அந்த மூலை இருட்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்புறம் தூசி, ரோடு பக்கத்து வீடு, லைட்டுக்கு கீழ உப்பு தெறிக்காம இருக்க போட்ட அக்ரிலிக் தகடு மேல ஒரு மாசத்துல தூசியும் உப்பும் சேந்து ஒரு படலம், தொடச்சதும் 110 இருந்த எடம் 128 ஆச்சு. தண்ணிய சுத்தம் பண்ற கார்பன மாத்துனாலும் அப்படித்தான், மஞ்சளா இருந்த தண்ணி தெளிஞ்சு மணல் மட்டத்துல 90ல இருந்து 103க்கு போச்சு. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க, லைட்ட நீங்க தொடாமலே கோரலுக்கு திடீர்னு வெளிச்சம் ஏறிடும்.

மத்த ரெண்டு தொட்டி பத்தி சுருக்கமா. காட்பாடி தம்பிது ஒன்றரை அடி சின்ன தொட்டி, முழுக்க சாஃப்ட் கோரல், அவன் லைட் ரொம்ப கம்மியோன்னு பயந்துகினு புதுசு வாங்க பணம் சேத்து வெச்சிருந்தான், அளந்தா மணல்லயே 85, மேல 140. ஒண்ணும் வாங்க வேணாம்டா தம்பி, லைட்ட அப்படியே வுடுன்னு சொன்னேன், அந்த காசுல ஆர்ஓ மெம்ப்ரேன் மாத்திட்டான், நம்ம போர் தண்ணி உப்புக்கு அது தான் அவனுக்கு அவசரம். ராணிப்பேட்டை அண்ணன் கதை வேற, அவரு அக்ரோபோரா வெச்சிருக்காரு, ப்ரவுனா போயிக்கினு இருந்துச்சு, அவரு நைட்ரேட் ஜாஸ்தின்னு தண்ணி மாத்திக்கினே இருந்தாரு. அளந்தா கோரல் இருக்கற எடத்துல வெறும் 120. மொதல்ல லைட்ட ஏத்தாம, கோரலயே ஒரு ஜான் மேல தூக்கி 190ல வெச்சு, அங்கிருந்து வாரத்துக்கு 10 சதவீதமா லைட்ட ஏத்தி நாலு வாரத்துல 280. நுனில நீலம் வந்துடுச்சு. அண்ணன் தினம் ஒரு போட்டோ அனுப்பறாரு.

வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது. சென்சாரும் கேபிளும் தான் தண்ணில போகலாம், கைல புடிக்கற டிஸ்ப்ளே டப்பா தண்ணி தாங்காது, நாங்க ஜிப் கவர்ல போட்டு தான் எடுக்கறோம். கேபிள் ரெண்டு மீட்டர், வீட்டு தொட்டிக்கு தாராளம். இது எவ்ளோ வெளிச்சம்னு தான் சொல்லும், எந்த கலர் எவ்ளோன்னு பிரிச்சு சொல்லாது, அதுக்கு வேற மெஷின், வேற வெல. மேல இருந்து வர்ற வெளிச்சத்துக்கு தான் சென்சார், மணல்ல தெறிச்சு கீழ இருந்து கோரல் அடிப்பக்கத்துக்கு போறது கணக்குல வராது. கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா அதுக்கு கேபிள் தனியா வாங்கணும், நான் நோட்டுல எழுதறேன், அதுவே போதும். பேட்டரி சிஆர்2320, வட்ட செல்லு, சாதாரண கடைல கேட்டா 2032 தான் எடுத்து குடுப்பாங்க, ரெண்டும் வேற, முன்னாடியே ரெண்டு வாங்கி வெச்சுக்கோங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கம்பெனிக்கு அனுப்பி காலிப்ரேஷன் பண்ண சொல்றாங்க, அத நாங்க எப்படி பண்றதுன்னு இன்னும் யோசிக்கணும், அது வரைக்கும் மாடி பக்கெட் தான்.

ஒருத்தர் தொட்டி மட்டும் இருந்து, அதுல வெறும் மஷ்ரூமும் ஸோவாவும் இருந்தா இத சொந்தமா வாங்காதீங்க, வருஷத்துக்கு மூணு நாலு தடவ தான் வெளிய எடுப்பீங்க. லைட் மாத்துனா, லைட்ட ஏத்தி எறக்குனா, புது வகை கோரல் வந்தா, அவ்ளோ தான் வேல. பக்கத்து ஊர்ல மூணு நாலு பேரா சேருங்க. எங்க கணக்கு இது: ஒருத்தர் வீட்ல ரெண்டு மாசம், கூட ஒரு சின்ன நோட்டு, யாரு என்னிக்கு எந்த எடத்துல என்ன நம்பர்னு அதுலயே எழுதணும், குடுக்கும்போது பேட்டரி ஒரு எக்ஸ்ட்ரா வெச்சு குடுக்கணும்.

கோரல் வாங்கற எடத்தையும் சொல்லிடறேன், ஏன்னா மீட்டர் பத்தி எழுதுனதும் இத கேட்டு தான் எனக்கு ஜாஸ்தி மெசேஜ் வரும். ராமேஸ்வரம் தூத்துக்குடி பக்கம் கடல்ல இருந்து எடுத்தது, பாறையா இருந்தாலும் கோரலா இருந்தாலும் வேணாம். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல 2001லயே கோரல மொத அட்டவணைல சேத்துட்டாங்க, புலிக்கு இருக்கற அதே பாதுகாப்பு. வெளிநாட்டுல இருந்து வர்ற கல் கோரலுக்கும் சைட்டிஸ் பேப்பர் (அழியற ஆபத்துல இருக்கற உயிருங்க வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்த அனுமதி) வேணும், விக்கறவங்க கிட்ட அத கேட்டு பாருங்க, காட்ட தயங்குனா வாங்காம வந்துடுங்க. என் பாறை காஞ்ச பாறை, கோரல்ல பாதி பேப்பரோட வந்தத வாங்குனவங்க தொட்டில வெட்டி வளத்த சின்ன துண்டு, ஃப்ராக்னு சொல்வாங்க.

போன மாசம் மறுபடி ஒரு டார்ச் வாங்குனேன். ரெண்டு தலை. கொண்டு வந்த அன்னிக்கு மணல்ல 60 இருக்கற எடத்துல வெச்சேன், ரெண்டு வாரம் கழிச்சு 85, இப்ப 110ல நிக்குது. நேத்து ராத்திரி எட்டு மணிக்கு லைட் அணையறதுக்கு முன்னாடி பையன் கூப்ட்டு காட்டுனான், ஒரு தலைக்கு நடுவுல ரெண்டாவது வாய் தெரியுது, அது ரெண்டு தலையா பிரியுது.